அழாதவருக்கு டிப்ரஷன் வருமா?

வாசகர் கேள்வி – பதில்

மனச்சோர்வு பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பும்படி வடசென்னை வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் பலவற்றில் அது திமிர், சோம்பல், கேஸ்ட்ரிக், குடி, வயசுக் கோளாறு என்று வேறு வேடங்களில்தான் வந்து நின்றது. ஒரு மனநல மருத்துவரும் ஒரு உளவியல் ஆலோசகரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. ஆறு மாதமாக ஆள் மாறிவிட்டார். வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேச்சில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டால் தட்டு பறக்கிறது. வயிறு எரிகிறது, முதுகு வலிக்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்று ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் மனநல டாக்டரிடம் போகச் சொன்னார். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. “அவன் அழுதானா? சாப்பிடாம கிடக்கானா? எல்லாம் திமிரு” என்கிறார். அழாதவருக்கு டிப்ரஷன் வருமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வரும். அழுகை கட்டாயம் இல்லை. மருத்துவர்கள் பார்க்கிற அறிகுறிகள் ஒன்பது. நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, தூக்கம் குறைவது அல்லது அளவுக்கு மீறுவது, பசியிலோ எடையிலோ மாற்றம், உடம்பில் தெம்பே இல்லாத அசதி, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் அல்லது காரணமில்லாத குற்ற உணர்வு, கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம். அநேகமாக எல்லா நாளும், தொடர்ந்து இரண்டு வாரமாவது இருந்து, வேலையையோ குடும்பத்தையோ கெடுத்திருக்க வேண்டும். மூன்று வேளை சாப்பிட்டு, ஒழுங்காக டூட்டிக்குப் போகிறவரும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடலாம்.

ஆண்களிடம் துக்கத்தைவிட எரிச்சல் முந்திக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அழுதால் கேலி செய்கிற இடத்தில் வளர்ந்தவர் கத்துவார், அவ்வளவுதான். வலியும் நடிப்பு இல்லை. வலியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளும் மனநிலையை ஆளும் பாதைகளும் மூளையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்று தளர்ந்தால் சாதாரண முதுகுப்பிடிப்பும் பெரிய வலியாகத் தெரியும். ஸ்கேன் கல்லைப் பார்க்கும், கட்டியைப் பார்க்கும். இதைப் பார்க்காது. ‘நார்மல்’ என்று வந்தால் ‘நோயில்லை’ என்று முடிவு கட்டி, வேறொரு சென்டரில் அதே ஸ்கேனை மறுபடி எடுப்பதில்தான் குடும்பங்களின் பணம் கரைகிறது.

அதைவிடச் செலவு குறைந்த சில ரத்தப் பரிசோதனைகள் உண்மையில் தேவை. தைராய்டு (டிஎஸ்ஹெச்), ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே அசதி, இதே மந்தம் வரும். அதைச் சரிசெய்யாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் பலன் அரைகுறைதான்.

அவரை அழைத்துப் போகும்போது “உங்களுக்கு மனசு சரியில்லை” என்று ஆரம்பிக்காதீர்கள். “தூக்கமும் வலியும் சரியாகட்டும், அதற்கான டாக்டர்” என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டுவிட்டு, எடுத்த ரிப்போர்ட்டுகளோடு ஒரு தாளும் கொண்டு போங்கள். எந்த மாதம் ஆரம்பித்தது, எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு விழிக்கிறார் (விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பது முக்கியமான தடயம்), எதையெல்லாம் விட்டுவிட்டார், குடி எவ்வளவு, குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா, இப்போது விழுங்கும் மாத்திரைகள் என்னென்ன. கூட்டத்தில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இந்தத் தாள் இருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “போன வருஷம் ஞாயித்துக்கிழமை உங்க புள்ள என்ன பண்ணுவாரு? இப்ப என்ன பண்றாரு?” கேரம் போர்டும் கறிக்கடையும் நண்பர்களுமாக இருந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்றால் அது திமிர் இல்லை என்று அந்த அம்மாவுக்கே புரியும்.

கேள்வி: மனநல டாக்டரைப் பார்த்தால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று தெருவே பேசும். வேலை போய்விடாதா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. அந்தப் பெயரை வைத்து ஊர் கிண்டல் செய்வதும் பழைய வழக்கம்தான். ஆனால் இன்று அங்கேயும் பலர் வெளிநோயாளிகளாக வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள். மனச்சோர்வுக்கு உள்ளே சேர்க்க வேண்டிய அவசியம் சிலருக்கே வரும். சாகும் எண்ணம் தீவிரமாக இருப்பவர், சாப்பாடு தண்ணீரையே விட்டவர், இல்லாத குரல்கள் கேட்பவர். மற்றவர்கள் ஸ்டான்லி மாதிரி பொது மருத்துவமனைக்கே போகலாம். அந்த வாசலில் உங்களைப் பார்க்கிறவருக்கு நீங்கள் பல்லுக்கு வந்தீர்களா, பிரஷருக்கு வந்தீர்களா என்று தெரியப்போவதில்லை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. மருத்துவமனை உங்கள் கம்பெனிக்குத் தகவல் அனுப்பாது.

கேள்வி: எனக்கு மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் 10 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் போட்டேன். குமட்டல்தான் மிச்சம், மனசில் ஒரு மாற்றமும் இல்லை. “அது தூக்க மாத்திரை, பழகிட்டா விட முடியாது” என்று சித்தப்பா சொன்னதால் நிறுத்திவிட்டேன். செய்தது சரிதானே?
– வாசகர், 29, திருவொற்றியூர்

பதில்: இல்லை, தம்பி. ஆனால் இந்த இடத்தில் சறுக்குகிறவர்கள் ஏராளம். மாத்திரை எழுதும்போதே நாள் கணக்கைச் சொல்லிக் கொடுக்காதது எங்கள் தரப்பின் குறை என்றும் வைத்துக்கொள்ளலாம். கணக்கு இதுதான்.

முதல் வாரத்தில் பக்க விளைவு மட்டும் வரும், பலன் வராது. குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு, தூக்கக் கோளாறு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் கூடும். சாப்பிட்ட பிறகு போடுங்கள். தூக்கம் கெடுத்தால் காலையில், தூக்கம் வரவழைத்தால் இரவில். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் இவை அடங்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பலன் தலைகாட்டும். முதலில் தூக்கமும் தெம்பும் திரும்பும், மனம் தெளிவது கடைசியில். அதனால் உங்களுக்கு முன்பே வீட்டிலிருப்பவர்கள் மாற்றத்தைக் கவனிப்பார்கள். முழுப் பலனைத் தீர்மானிக்க ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். நான்கு வாரமாகியும் துளி மாற்றம் இல்லை என்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார் அல்லது மருந்தை மாற்றுவார். முதல் மருந்து பொருந்தாமல் போவது சகஜம். அதற்காக ‘எனக்கு மருந்தே கேட்காது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த சறுக்கல் மூன்றாம் மாதத்தில். நன்றாகிவிட்டது என்று நிறுத்துவார்கள். நன்றாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான். முதல்முறை வந்தவர்கள், முழுக்கத் தெளிந்த நாளிலிருந்து குறைந்தது ஆறிலிருந்து ஒன்பது மாதம் அதே அளவில் தொடர வேண்டும். இரண்டு, மூன்று முறை வந்துபோனவர்களுக்கு இன்னும் நீளும். நிறுத்துவதும் ஒரே நாளில் இல்லை, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து. சட்டென்று விட்டால் தலைசுற்றல், தலைக்குள் மின்னல் வெட்டுவது போன்ற உணர்வு, எரிச்சல், கெட்ட கனவு வரலாம். இதைப் பார்த்துத்தான் ‘பழகிவிடும்’ என்கிறார்கள். போதைப் பழக்கம் என்றால் அளவு கூடிக்கொண்டே போகும், கிடைக்காவிட்டால் மனம் அலையும். இந்த மாத்திரைகளில் அது இல்லை.

உங்கள் சித்தப்பா பயப்படுவது வேறு மாத்திரை. அல்பிரசோலம், குளோனசெபம் வகைதான் பழக்கமாகிவிடும் வகை. ஆரம்பத்தில் தூக்கத்துக்காக இரண்டிலிருந்து நான்கு வாரம் இதைச் சேர்த்து எழுதுவதுண்டு. விபரீதம் எங்கே நடக்கிறது என்றால், அது உடனே தூக்கம் தருவதால் நோயாளி அதை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘ஒன்றும் செய்யாத’ எஸ்சிடலோபிராமை விட்டுவிடுகிறார். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குகிறார். விட வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை விட்ட கதை. உங்கள் சீட்டில் எது எது என்று மருத்துவரிடம் பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. உடம்பு வலிக்கு மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’ கேட்டு வாங்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அந்த செட்டில் டைக்ளோஃபெனாக் இருந்தால், எஸ்சிடலோபிராமோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் இருந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தான நிலைக்கே போகலாம். வலிக்கு வெறும் பாராசிட்டமால் போதும்.

25 வயதுக்கு உட்பட்டவர்கள் முதல் சில வாரம் குடும்பத்தார் கண்பார்வையில் இருக்க வேண்டும். சிலருக்கு அப்போது பதற்றமும் சாகும் எண்ணமும் கூடக்கூடும். ஆண்களும் பெண்களும் சொல்லக் கூச்சப்படும் பக்க விளைவு தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது. சொல்லாமல் மாத்திரையை விடுகிறவர்கள் நிறைய. சொன்னால் மாற்று மருந்து உண்டு.

கேள்வி: அண்ணன் காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே தினமும் குடி. இந்த வருஷம் தடை முடிந்தும் கடலுக்குப் போகவில்லை. “குடிச்சாத்தான் தூக்கம் வருது” என்கிறார். குடியால் டிப்ரஷனா, டிப்ரஷனால் குடியா? வீட்டில் பூட்டி வைத்து நிறுத்திவிடலாமா?
– வாசகி, காசிமேடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: பூட்டி வைக்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலோடு பிதற்றத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. ‘குடியை விட்டதும் சாமி வந்துடுச்சு’ என்று இதைச் சொல்வார்கள். அது சாமி இல்லை, அவசரம். 108ஐக் கூப்பிடுங்கள். முறையான சிகிச்சையில் ஒரு வாரம் வரை மருந்து கொடுத்து, அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் உண்டு. சாப்பிடாமல் குடித்தவருக்கு அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் தெருமுனை கிளினிக்கில் ‘ரெண்டு பாட்டில் ஏத்தி’ முடித்துக்கொள்ளாதீர்கள்.

எது முதலில் என்பதை நாட்களே காட்டிக்கொடுக்கும். மது மூளையை மந்தப்படுத்துவது. படுத்ததும் தூக்கம் தரும், பின்னிரவில் எழுப்பிவிடும், காலையில் மனத்தை இன்னும் கீழே தள்ளும். முழுக்க நிறுத்தி மூன்று நான்கு வாரத்தில் மனம் தானாகத் தெளிந்தால் குடிதான் காரணம். தெளியவில்லை என்றால் மனச்சோர்வு தனியாக இருக்கிறது, அதற்கும் மருத்துவம் வேண்டும். இரண்டும் சேர்ந்திருப்பதே அதிகம். ‘முதல்ல குடியை விடு, அப்புறம் பார்க்கலாம்’ என்று திருப்பி அனுப்புவது சரியான வைத்தியம் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் இல்லாமல் கவலைப்படுவது நோய் இல்லை. படகு கிளம்பியதும் அந்தக் கவலை கரையிலேயே நின்றுவிடும். கையில் தொழில் வந்த பிறகும் போக மனமில்லை என்பதுதான் உங்கள் அண்ணனிடம் கவனிக்க வேண்டியது.

கேள்வி: எல்லா வசதியும் இருக்கிற பெண் அவள். காரணமே இல்லாமல் டிப்ரஷன் எப்படி வரும்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பரம்பரைக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமான இடம் உண்டு. சிறுவயதுக் கொடுமை, நாள்பட்ட நோய், தைராய்டு, சில மருந்துகள், பிரசவம், தனிமை எல்லாம் சேரும். ‘மூளையில் செரட்டோனின் குறைஞ்சு போச்சு’ என்பதும் அளவுக்கு மீறி எளிமையாக்கிய விளக்கம்தான். அதை அளந்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வந்திருக்கிறது. அந்த ஒருவர் வசதியானவராகவும் இருக்கலாம்.

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம். அம்மா வீட்டில் இருக்கிறேன். குழந்தை அழுதால் தூக்கவே தோன்றவில்லை. ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்று ராத்திரி முழுக்க அழுகிறேன். “பச்ச உடம்புக்காரி அழக்கூடாது, எல்லாருக்கும் இப்படித்தான்” என்கிறார் அம்மா. மாத்திரை போட்டால் பால் கொடுக்க முடியாதாமே?
– வாசகி, 24, வியாசர்பாடி

பதில்: உங்கள் அம்மா சொல்வது முதல் இரண்டு வாரத்துக்குப் பொருந்தும். பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் பல தாய்மாருக்குக் காரணமில்லாத அழுகை வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். ஐந்தாவது வாரத்திலும் இருப்பது அதுவல்ல. இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பாசம் சுரக்காமல் இருப்பதும் அதன் அறிகுறி. நீங்கள் கெட்ட தாய் என்பதற்குச் சாட்சி இல்லை.

பாலை நிறுத்தத் தேவையில்லை. செர்ட்ராலின் போன்ற மருந்து தாய்ப்பாலில் மிக மிகக் குறைவாகவே கலக்கும். பாலூட்டும் தாய்மாருக்கு அதைத்தான் பெரும்பாலும் முதலில் எழுதுகிறோம். ‘பால் கொடுக்கிறேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குழந்தை குறைமாதம் என்றால் அதையும். தைராய்டும் ஹீமோகுளோபினும் இப்போது பார்த்தே ஆக வேண்டும்.

மருந்துக்கு இணையாக உங்களுக்கு வேண்டியது தூக்கம். விட்டு விட்டு எட்டு மணி நேரத்தைவிட, தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரம் பெரிய மருந்து. இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுங்கள். நடுவில் ஒரு வேளைக்கு முன்கூட்டியே பீய்ச்சி வைத்த பாலை அம்மாவோ கணவரோ பாலாடையில் புகட்டட்டும். குழந்தை வேறு மூலையில், அவர்கள் பக்கத்தில் தூங்கட்டும். வந்து பார்க்கும் சொந்தக்காரர்களைச் சில வாரம் பகல் பதினொரு மணிக்குப் பிறகு வரச் சொல்வதில் தப்பில்லை.

அம்மா கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூக்கமே தேவையில்லாதவர் போல நடமாடுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, குழந்தை தன்னுடையதல்ல என்றோ யாரோ மாற்றிவிட்டார்கள் என்றோ சொல்வது, குழந்தைக்கோ தனக்கோ தீங்கு செய்யும் பேச்சு. இது வேறு நோய், இதற்கு நாளை என்பது கிடையாது. தாயையும் சேயையும் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனை.

கேள்வி: கல்லூரித் தோழி சில நாளாக “நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி” என்கிறாள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், நாமே எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடாதா? போலீஸ் கேஸ் ஆகுமா?
– வாசகி, 19, எண்ணூர்

பதில்: ஆகாது. கேட்பதால் புதிதாக எண்ணம் முளைப்பதில்லை. கேட்ட பிறகு பலருக்குப் பாரம்தான் இறங்குகிறது. தனியாக, அவசரமில்லாத நேரத்தில், நேராகக் கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணுதா உனக்கு?” ‘அந்த மாதிரி தப்பா எதுவும் யோசிக்கலல்ல?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே வாயில் வைத்துவிடுகிறீர்கள். ‘ஆமா’ என்றால் அடுத்த இரண்டு கேள்விகள்: எப்படி என்று யோசித்திருக்கிறாளா? எப்போது என்று யோசித்திருக்கிறாளா? இரண்டுக்கும் பதில் வைத்திருந்தால் அவளைத் தனியே விடாதீர்கள். ஹாஸ்டலோ வீடோ, மாத்திரைகளும் பூச்சிமருந்தும் அவள் கைக்கு எட்டாதபடி அகற்ற வேண்டும். அன்றைக்கே பெரியவர் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். ‘யாருக்கும் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கப் பார்ப்பாள். கொடுக்காதீர்கள். அவள் கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை.

பேச அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவ உதவி எண்ணான 104லும் ஆலோசனை கிடைக்கும். 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

போலீஸ் பற்றி: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தாமதிப்பதுதான் உயிரைக் குடிக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 68. அம்மா போய் ஒன்றரை வருஷம். மறதி, பேச்சுக் குறைவு, உடம்பு இளைத்துவிட்டது. வயசானால் இப்படித்தானே?
– வாசகர், ராயபுரம்

பதில்: வயது மட்டும் ஒருவரை இப்படி ஆக்காது. துணையை இழந்த துக்கம் அலையலையாக வரும். நடுவே பேரன் பேச்சுக்குச் சிரிப்பும் வரும். ஒன்றரை வருடம் கழித்து எதிலும் சிரிப்பில்லை, எடையும் குறைகிறது என்றால் மனச்சோர்வை விசாரிக்க வேண்டும். மறதியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. மனச்சோர்வில் ‘எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, தெரியல’ என்று அவரே குறைப்படுவார், சில வாரங்களில் வேகமாக வந்திருக்கும். மறதி நோயில் அவர் மழுப்புவார், வீட்டார்தான் கவலைப்படுவார்கள், வருடக்கணக்கில் மெல்ல வந்திருக்கும். முந்தையது மருந்தில் திரும்பும் என்பதால் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். பி12, தைராய்டு, சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். முதியவர்களுக்குப் பாதி அளவில் தொடங்குவோம். முதல் சில வாரத்தில் சோடியம் இறங்கலாம். திடீர்த் தள்ளாட்டமோ குழப்பமோ தெரிந்தால் மாத்திரையை ‘ஒத்துக்கலை’ என்று விட்டுவிட்டு உட்காராமல் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மாத்திரை இல்லாமல் வாக்கிங், யோகா, மோட்டிவேஷன் வீடியோ பார்த்துச் சரிசெய்ய முடியாதா? ‘எழுந்து வேலையைப் பார், சரியாகும்’ என்கிறார்கள், எழுந்திருக்கவே முடியவில்லை.
– வாசகர், 33, புளியந்தோப்பு

பதில்: லேசான நிலையில் முடியும். பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. ஐந்திலிருந்து ஒன்பது வரை லேசு. பத்தைத் தொட்டாலே மருத்துவரைப் பாருங்கள். இருபதுக்கு மேல் பேச்சு சிகிச்சை மட்டும் போதாது. மதிப்பெண் எதுவானாலும், சாவு பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 1 வந்தாலே பேச வேண்டும்.

வீடியோ பார்த்துக் குணமானவரைத் தேட வேண்டும். பார்த்துவிட்டு ‘என்னால அதுவும் முடியலையே’ என்று இன்னும் சுருங்கியவர்கள் கிடைப்பார்கள். ‘எழுந்து வேலையைப் பார்’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. வேலை செய்வதால் மனம் தெளிவது நிஜம். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. அறிவுரை பிழைப்பது அளவில்தான். முதல் நாளே கொருக்குப்பேட்டை வரை நடந்துவிட்டு, மறுநாள் படுத்து, மூன்றாம் நாள் ‘பார்த்தியா, முடியல’ என்று விடுவது.

இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் ஏழு நாள் கட்டம் போடுங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். என்ன செய்தீர்கள், அப்போது மனம் 10க்கு எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். படுத்தே கிடந்த மதியம் 2, டீக்கடையில் நின்ற பத்து நிமிடம் 4 என்று வரும். அந்த 4தான் பிடி. இரண்டாம் வாரம் நாளுக்கு இரண்டே வேலை, ஒன்று கடமை, ஒன்று பிடித்தது. கடமையை மட்டும் வைத்தால் ஒரு வாரத்தில் கசந்துவிடும். நேரமும் இடமும் எழுத வேண்டும். ‘நடக்கணும்’ என்று எழுதினால் நடக்காது. ‘மாலை 5:30, தெருமுனை வரை, பத்து நிமிடம்’ என்று எழுதினால் நடக்கும். முடியும் என்று நினைப்பதில் பாதியை எழுதுங்கள். பத்து நிமிடம் ஒரு வாரம் தவறாமல் வந்தால் பதினைந்து. போகப்போக வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை என்ற இடத்துக்கு வந்தால் லேசான, நடுத்தர மனச்சோர்வில் தெளிவான பலன் உண்டு.

ஒரே அறை வீட்டில் இருப்பவர்களுக்கு: எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுங்கள். விரித்தே கிடந்தால் உடம்பு அதை நோக்கிச் சாயும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். நைட் ஷிப்ட் மாறி மாறி வருகிறது என்றால் தினமும் பொதுவாக வருகிற நான்கு மணி நேரத்தையாவது தூக்கத்துக்கு ஒதுக்குங்கள். வீட்டில் ஒருவர் கூட நடக்கலாம், கணக்கு கேட்கக் கூடாது. மனைவி சூப்பர்வைசர் ஆகிவிட்டால் தாள் கிழிந்துவிடும்.

ஆலோசகரிடம் முறையான பேச்சு சிகிச்சை என்றால் வாரம் ஒருமுறை, பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வு. ஒரே சந்திப்பில் ‘கவுன்சலிங் கொடுத்தாச்சு’ என்று முடிப்பது சிகிச்சை ஆகாது.

கேள்வி: ஷாக் வைத்து ஆளையே மந்தமாக்கிவிடுவார்களாமே?
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: சினிமாவில். நிஜத்தில் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே சில விநாடி மின்சாரம். மயக்கமின்றிக் கொடுப்பதை 2017 சட்டம் தடை செய்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று என ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை. சாப்பாட்டை விட்டுவிட்ட, சாகத் துடிக்கிற நோயாளிக்கு இதைவிட வேகமான சிகிச்சை அரிது. அந்த வாரங்களை ஒட்டிய நினைவுகள் சில மங்கலாம், பெரும்பாலும் திரும்பும்.

கேள்வி: தாயத்து கட்டி, மாதா கோயிலில் ஜெபம் வைத்த பிறகு தங்கை கொஞ்சம் பரவாயில்லை. டாக்டரிடம் ஏன் போக வேண்டும்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆறுதலும் கூட்டமும் நல்லது செய்யும். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், அடிக்கிறவர், சங்கிலி போடுகிறவர், ‘இன்னும் பத்தாயிரம் ஆகும்’ என்கிறவர் — இவர்களிடமிருந்து மட்டும் தங்கையை மீட்டுவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலி இன்று சட்டப்படி குற்றம். கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் இரண்டு வாரக் கணக்கும் ஒன்பது அறிகுறியும் மேலே இருக்கின்றன, ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: தம்பிக்கு டிப்ரஷன் மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம். இப்போது சூப்பராக இருக்கிறான். மூன்று நாளாகத் தூங்கவே இல்லை, களைப்பும் இல்லை. ஓயாமல் பேசுகிறான், கடன் வாங்கிப் புது பைக் எடுத்துவிட்டான். குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: வேண்டாம். குணமானவர் தூங்குவார். இது எழுச்சி நிலையாக இருக்கலாம். மனச்சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாகக் கொடுத்தால் இப்படித் திரும்பக்கூடும். இன்றைக்கே எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தொடர்புகொண்டு, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேளுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். முன்பு எப்போதாவது இப்படிச் சில நாள் இருந்தானா, அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது உண்டா என்று வீட்டில் விசாரித்துக்கொண்டு போங்கள். பைக் சாவியும் ஏடிஎம் கார்டும் சில நாள் உங்களிடம் இருக்கட்டும்.